முந்நூற்று நாற்பது

ஜுபைல் கேம்ப்பில்
தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை சுற்றி வந்தால்
முந்நூற்று நாற்பது தப்படி.
வேறெவனும் எண்ணியிருக்க மாட்டான்.

நான் கிரேன் ஆப்பரேட்டர்.
பத்து மணி நேரம் கேபினில் உட்கார்ந்தபடி
அறுபது டன்னைத் தூக்கி
முட்டையை வைப்பதுபோல் இறக்குகிறவன்.
என் எண்பத்தேழு கிலோவை நகர்த்தத்தான்
ஆளில்லை.

மெடிக்கலில் கம்பெனி டாக்டர்
பிரஷர் பட்டையை இரண்டாம் தடவையும் சுற்றிப் பார்த்துவிட்டு
மூன்று மாதம் என்றார்.
அதற்குள் இது இறங்காவிட்டால்
கிரேனைவிட்டு நீ இறங்கு.

முதல் வாரம் பயம் எழுப்பிவிட்டது,
நாலு மணிக்கு, அலாரத்துக்கும் முன்னால்.
நூற்று இருபது ரியாலுக்கு ஷூ.
பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று.
வீடியோ காலில் வீட்டுக்கு
வியர்வையைக்கூடக் காட்டினேன்.
மேல்கட்டில் இஞ்ஞாசி
போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்:
ஆரம்ப சூரத்தனம்.

பலித்தது.
பயமும் சம்பளம் மாதிரிதான்.
முதல் வாரம் கனக்கும்,
மூன்றாம் வாரம் தேடினாலும் அகப்படாது.

ஆகஸ்டில் காற்று
பிழியாத துணியாய் முகத்தில் ஒட்டியது.
தூரத்தில் ரிஃபைனரித் தீ
விடியலைப்போல் நடித்துக்கொண்டிருந்தது.
இங்கே நாளைக்கு என்பதற்கு புக்ரா என்று பேர்.
லீவு கேட்டால் புக்ரா.
பாக்கி கேட்டால் புக்ரா.
அந்த ஒரு அரபுச் சொல்லை
என்னைவிட வேகமாய் என் கால்கள் கற்றுக்கொண்டன.

எட்டுப் போட்டு நட, அறைக்குள்ளேயே, என்றான் மாடக்கண்ணு.
நாலு கட்டில், நாலு பெட்டி, ஒரு ஃப்ரிட்ஜ்.
எட்டுக்கு ஏது இடம்?
ஒன்றுதான் போடலாம்.

பதினோரு நாள் போகவில்லை.
பன்னிரண்டாம் நாள் போகிற எண்ணமும் இல்லை.
பாத்ரூமுக்கு எழுந்தேன், செருப்பைக் காணோம்.
எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான்.
இருட்டில் காலுக்கு அகப்பட்டது ஷூ.
லேஸ் கட்டாமலே போய்த் திரும்பினால்
வழியில் தொட்டி நிற்கிறது.
லேஸ் தரையில் அடிபட அடிபட
ஒரே ஒரு சுற்று.
வந்து படுத்துவிட்டேன்.

ஆசைப்பட்டு நடந்ததில்லை அது.
செருப்புத் தொலைந்து நடந்தது.

மறுநாள் செருப்பு திரும்பி வந்துவிட்டது.
எடுத்து இஞ்ஞாசியின் பெட்டிக்குப் பின்னால்
நானே ஒளித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு மனசிடம் கேட்பதில்லை.
சிக்னல்மேன் கை காட்டினால் தூக்க வேண்டியதுதான்,
இஷ்டமா என்று
கொக்கியிடம் யார் கேட்கிறார்கள்?
சில நாள் ஒன்பது சுற்று.
மணற்காற்று வீசிய வெள்ளிக்கிழமை
மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஒன்று,
அதுவும் பாதியில் இருமல்.
வாட்ச்மேன் மொஃபிஸ்
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து
சுற்றுக்கு ஒரு விரல் மடக்குவான்.
அன்றைக்கு அந்த ஒற்றை விரலை
நான் அறைக்குள் போகும்வரை பிரிக்கவில்லை.

அக்டோபரில் மெடிக்கல்.
டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே
ஃபிட் என்று முத்திரை குத்தினார்.
மூன்று மாதம் ஒரு நொடியில் காய்ந்துபோனது,
மையோடு சேர்ந்து.

அன்றிரவு அலாரம் வைக்கவில்லை.
ஆனாலும் நாலு மணிக்குக் கண் திறந்தது.
எழுந்து உட்கார்ந்து
காரணம் ஒன்றைத் தேடினேன்.
இருந்த காரணத்துக்குத்தான்
நேற்று முத்திரை குத்தியாயிற்றே.

வெளியே ஈரம் குறைந்திருந்தது.
மொஃபிஸ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
விரல் மடக்க ஆளில்லாததால்
பழையபடி நானே எண்ணிக்கொண்டு நடந்தேன்.

முந்நூற்று நாற்பத்தாறு.

எங்கோ எண்ணிக்கை தப்பியிருக்கிறது.
இல்லை, தப்படி சிறுத்திருக்க வேண்டும்.

சரிபார்க்க
இன்னொரு சுற்று.